பூச்சிகளின் இனப்பெருக்கத் துணையுறுப்புகளை ஒப்பிட்டுப் படிப்பது எப்படி: வடசென்னைப் பூச்சிகளைக் கொண்டு ஒரு செய்முறை

காசிமேட்டில் கருவாடு காயும் இடங்களில் மொய்க்கும் சாம்பல் நிறச் சதை ஈக்கள் சிலவற்றைப் பிடித்து வரிசையாக அடுக்கினால், மார்பில் மூன்று கருங்கோடுகள், வயிற்றில் சதுரங்கக் கட்டங்கள், செந்நிறக் கண்கள் என எல்லாம் ஓரச்சில் வார்த்தவையாகவே தெரியும். அவற்றுள் எத்தனை இனங்கள் கலந்திருக்கின்றன என்பதை உருவத்தைக் கொண்டு அறிய வேண்டுமானால், ஆண் ஈயின் வயிற்று நுனியைத் திறந்து உள்ளே மடங்கியிருக்கும் கலவியுறுப்பை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருக்கும் இனங்கள் இந்த ஒரு பாகத்தில் மட்டும் தெளிவாக வேறுபடுவது பூச்சி உலகில் பரவலான செய்தி. அதனால்தான் பூச்சிகளை வகைப்படுத்துவோர் இறகையும் உணர்கொம்பையும் பார்த்து முடித்தபின் வயிற்று நுனிக்கு வருகிறார்கள். பல குடும்பங்களில் அங்கிருந்தே தொடங்குகிறார்கள்.

இந்த வழிகாட்டி, பள்ளியிலோ கல்லூரியிலோ விலங்கியல் படிப்பவர்களையும், வீட்டில் ஒரு சிறு நுண்ணோக்கி வைத்திருக்கும் ஆர்வலர்களையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. இதில் வலியுறுத்த விரும்புவது ஒன்றே: ஓர் உறுப்பு என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்து அதற்குப் பெயரிடக் கூடாது, அது வயிற்றின் எத்தனையாவது கண்டத்திலிருந்து (வளையம் போன்ற துண்டிலிருந்து) புறப்படுகிறது என்று எண்ணிய பிறகே பெயரிட வேண்டும். எண்ணாமல் வரைந்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒப்பாய்வுக்கு உதவாது.

எந்தப் பூச்சிகள், எங்கிருந்து

தொலைவு எங்கும் போக வேண்டியதில்லை. சமையலறையில் அமெரிக்கக் கரப்பான், பழைய புத்தகக் கட்டுகளுக்கிடையே வெள்ளிமீன் பூச்சி, மளிகைக் கடையில் வாங்கி மறந்துபோன காராமணியில் பயறு வண்டு, தெருவிளக்கடியில் சுவர்க்கோழி, சன்னல் மூலையில் மண்கூடு கட்டும் குளவி, குளியலறை இருட்டில் கொசு ஆகியவை கிடைத்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். தட்டான்களுக்கும் ஊசித்தட்டான்களுக்கும் ரெட்டேரி, மாதவரம், புழல் பக்கத்து நீர்க்கரைகள் ஏற்றவை. காசிமேட்டு ஈக்களைப் பற்றி முன்னரே சொன்னோம். அங்கே சதை ஈக்களோடு நீலப்பச்சை மின்னும் பெருந்தலை ஈயான கிரைசோமியா மெகாசெபாலாவும் தாராளமாகக் கிடைக்கும். 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் சில வண்ணத்துப்பூச்சிகளும் வண்டுகளும் இடம்பெற்றிருப்பதால், தொடக்கத்தில் வீட்டுப் பூச்சிகளோடும் தீங்குப்பூச்சிகளோடும் நின்றுகொள்வது நல்லது.

பிடித்ததை மூடிய டப்பாவில் போட்டு ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்தால் போதும்; வீட்டில் நச்சுப்புட்டி வைத்துக்கொள்ள வேண்டாம். உடனே வெட்ட முடியாதவற்றை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு வைக்கலாம்.

கருவிகளும் காரக் கரைசலும்

கருவிகளில் விலை கூடியது நுண்ணோக்கி மட்டுமே. பத்து முதல் நாற்பது மடங்கு பெருக்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கி மிகவும் ஏற்றது. இல்லாதவர்கள் பள்ளி நுண்ணோக்கியின் மிகக் குறைந்த பெருக்கத்திலேயே கொசு, பயறு வண்டு போன்ற சிறியவற்றைப் பார்த்துவிடலாம். பிரிப்பூசிக்கு இன்சுலின் சிரிஞ்சின் ஊசியே போதும். நுனியைக் குறட்டால் சற்று வளைத்தால் நல்ல கொக்கியும் ஆகிவிடும். மருந்துக்கடைக் கிளிசரின், குழிவுள்ள கண்ணாடித் தகடு, நுனி கூரிய இடுக்கி, ஒரு சிறு கத்தரி இவற்றோடு பட்டியல் முடிந்தது.

பூச்சியின் மேலோடு கைட்டின் என்னும் கெட்டிப்பொருளால் ஆனது. உள்ளேயிருக்கும் தசை போன்ற மென்பகுதிகள் புரதமும் கொழுப்பும் கலந்தவை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தசையைக் கரைத்துவிட்டு மேலோட்டை விட்டுவைக்கும் என்பதே இம்முறையின் அடிப்படை. 10 கிராம் வில்லையை 100 மில்லி நீரில் சிறிது சிறிதாகப் போட்டுக் கரைக்க வேண்டும். கரையும்போது சூடேறும் என்பதால் வில்லையின் மேல் நீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரத்தை இக்கரைசல் அரித்து ஹைட்ரஜனை வெளியிடும். கண்ணாடியிலோ தடித்த பிளாஸ்டிக்கிலோதான் வைக்க வேண்டும். கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் ஆபத்து. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இதைத் தொடாதீர்கள். பட்டுவிட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். பள்ளி மாணவர்கள் இந்தக் கட்டத்தை ஆசிரியரை அருகில் வைத்துக்கொண்டே செய்ய வேண்டும்.

வெட்டியெடுத்த வயிற்று நுனியைக் கரைசல் உள்ள சிறு குழாயில் போட்டு, அக்குழாயை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்த வேண்டும். நேரடித் தீயில் காட்டினால் கரைசல் பொங்கித் தெறிக்கும். ஈக்கும் வண்டுக்கும் கால் மணி நேரம் அளவில் போதுமானதாக இருக்கும். கொசுவையும் கரப்பானையும் சூடில்லாமல் ஓர் இரவு ஊறவிடுவதே நல்லது, ஏனெனில் கொசுவின் மெல்லிய தகடுகள் சூட்டில் சட்டென்று வெளுத்துவிடும். கரப்பானின் தடித்த தசைக்கோ காலமே மருந்து. தகட்டின் பழுப்பு நிறம் நிற்க, உள்ளே கலங்கல் மறைந்து கண்ணாடியாகத் தெளியும் நேரமே நிறுத்த வேண்டிய நேரம். பிறகு நீரில் அலசி, ஒரு துளி வினிகர் கலந்த நீரில் சில நிமிடம் வைத்து, மீண்டும் அலசிக் கிளிசரினுக்கு மாற்றுங்கள். கிளிசரினில் உறுப்பு உருண்டுகொண்டே இருந்தால், குழிவில் சிறிது ஆல்கஹால் கலந்த கைகழுவும் ஜெல்லை இட்டு அதில் பதித்தால், வேண்டிய கோணத்தில் அசையாமல் நிற்கும்.

கரப்பானில் தொடங்குங்கள்

தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் படித்தவர் எவருக்கும் கரப்பானின் படம் நினைவிருக்கும்; ஆனால் வயிற்று நுனியைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. பெண் கரப்பானை மல்லாக்க வைத்தால், வயிற்றுப்புறத்தின் கடைசித் தகடு காசிமேட்டுப் படகின் முன்முனை போலக் குவிந்து, நடுவே பிளந்த இரு மடல்களாக முடிவதைக் காணலாம். அது ஏழாவது கண்டத்தின் தகடு. முதுகுப்புறம் பத்துத் தகடுகள் உண்டு என்றாலும், எட்டாவதும் ஒன்பதாவதும் ஏழாவதன் அடியில் ஒடுங்கியிருப்பதால் மேலோட்டமாக எண்ணுபவருக்குக் கணக்கு தப்பும். ஊசியால் முதுகுப்புறத்து ஏழாவதை மெல்ல உயர்த்தி அந்த இரண்டு குறுகிய பட்டைகளையும் கண்ணால் கண்ட பிறகே மேலே செல்லுங்கள்.

காரத்தில் ஊறி அலசப்பட்ட நுனியை எடுத்துக்கொண்டு, ஏழாவது தகட்டின் மடல்களை இரு ஊசிகளால் விரித்தால், உள்ளே ஒரு குழி. அக்குழிக்குள் மேலிருந்து பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று இணைக் குறுந்தகடுகளே கரப்பானின் முட்டையிடு உறுப்பு. வால்வுலா என்று நூல்கள் குறிப்பிடும் இத்தகடுகளில் முதல் இணையின் அடியைத் தேடிச் சென்றால் அது எட்டாவது கண்டத்தில் முடியும். இரண்டாவது, மூன்றாவது இணைகளின் அடி ஒன்பதாவது கண்டத்தில் முடியும். இவை எதையும் துளைப்பதில்லை. முட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்தி, 14 முதல் 16 வரை கொள்ளும் முட்டைக்கூட்டுக்குள் வரிசைப்படுத்துவதே இவற்றின் வேலை.

ஆணில் ஒன்பதாவது தகட்டின் ஓரத்தில் ஸ்டைலஸ் எனப்படும் இரு சிறு குச்சிகள் உண்டு. செர்சி என்னும் நீண்ட வால் உணரிகள் இருபாலிலும் இருக்க, ஸ்டைலஸ் முதிர்ந்த ஆணுக்கு மட்டுமே உரியது. உள்ளே ஃபாலோமியர் எனப்படும் மூன்று மடல்கள் இடமும் வலமும் சற்றும் ஒவ்வாமல் கோணலாக அமைந்திருக்கும். இங்கே ஒரு பாதியை வரைந்து மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாக நிரப்பும் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

ஒரே உறுப்பு, வெவ்வேறு வேலைகள்

கரப்பானில் கண்ட மூன்று இணைகளை மனத்தில் வைத்துக்கொண்டு வெள்ளிமீன் பூச்சிக்கு வாருங்கள். இறகு தோன்றுவதற்கு முன்பே பிரிந்த பழங்கிளையைச் சேர்ந்த இதன் வயிற்றின் பின்கண்டங்களில் ஸ்டைலஸ் இணைகள் அடுத்தடுத்து நிற்கும். பெண்ணில் எட்டாம், ஒன்பதாம் கண்டங்களின் அடித்தகடுகளிலிருந்து மெல்லிய நீள்தகடுகள் புறப்பட்டு ஒன்றுசேர்ந்து முட்டையிடு உறுப்பாகும். வயிற்றிலும் கால்கள் இருந்த மூதாதையரின் எச்சம் இது என்ற கருத்து இப்பூச்சியைப் பார்க்கும்போது மிக எளிதில் விளங்கும். மார்பின் மூன்று கால் இணைகள் நடக்க, வயிற்றுக் கால்களில் பெரும்பாலானவை மறைய, எட்டிலும் ஒன்பதிலும் இருந்தவை முட்டையிடும் வேலைக்கு வந்தன. இதில் ஆண் பெண்ணோடு கலப்பதே இல்லை. இழை பின்னி அதனருகே விந்துப்பொதியை வைக்க, பெண் அதை எடுத்துக்கொள்கிறது. ஆகவே முட்டையிடு உறுப்பு, உட்புகும் ஆணுறுப்பைவிடப் பழமையானது என்று எண்ணுவதற்கு இடமுண்டு.

சுவர்க்கோழியின் நீண்ட ஊசியைக் காரத்தில் ஊறவைத்துப் பிரித்தால், முதல், மூன்றாம் வால்வுலாக்களே நீண்டு ஊசியாகியிருப்பதும், இரண்டாம் இணை குறுகிப்போயிருப்பதும் தெரியும். புல்வெளி வெட்டுக்கிளியில் அதே முதல், மூன்றாம் இணைகள் குட்டையாகவும் தடித்தும் கொக்கியாக வளைந்து மண்ணைத் தோண்டுகின்றன.

குளவிதான் எண்ணும் பழக்கத்தைச் சோதிப்பது. அதன் இடுப்புக்கு முன்னால், மார்பின் பகுதியாகத் தோன்றும் கடைசித் துண்டு உண்மையில் வயிற்றின் முதல் கண்டம். இதை அறியாமல் இடுப்புக்குப் பின்னிருந்து எண்ணத் தொடங்கினால் கணக்கில் ஒன்று குறைந்து, எட்டாவது ஏழாவதாகிவிடும். சரியாக எண்ணிக் கொடுக்கைப் பிரித்தால், எட்டாம் கண்டத்திலிருந்து வரும் முதல் இணை இரண்டு ஈட்டிகளாகவும், ஒன்பதாம் கண்டத்தின் இரண்டாம் இணை ஒன்றாக இணைந்த நடுத்தண்டாகவும், மூன்றாம் இணை உறையாகவும் அமைந்திருக்கும். தண்டின் மேலுள்ள வரம்பில் ஈட்டியின் பள்ளம் பொருந்தி முன்னும் பின்னும் வழுக்கிச் செல்லும். ஊசிமுனையால் ஓர் ஈட்டியைத் தள்ளினால் அது தண்டைவிட்டு விலகாமல் நழுவுவதை நீங்களே காணலாம். முட்டையிடும் கருவியே கொடுக்கானதால் ஆண் குளவியும் ஆண் தேனீயும் கொட்ட இயலாது.

ஒரே வேலை, வெவ்வேறு உறுப்புகள்

பெருந்தலை ஈயின் பெண்ணை எடுத்து வயிற்றை மெல்ல அழுத்தினால், நீண்ட குழல் ஒன்று அடுக்கடுக்காக வெளிவரும். சதையின் இடுக்கிலும் மீனின் செவுளிலும் முட்டையைச் செலுத்த இது உதவுகிறது. வேலையை மட்டும் பார்ப்பவர் இதையும் சுவர்க்கோழியின் ஊசியையும் ஒரே பெட்டியில் போட்டுவிடுவார். ஆனால் காரத்தில் தெளியவைத்துப் பார்த்தால் இங்கே வால்வுலாக்களே இல்லை. வயிற்றின் பின்கண்டங்களே ஒடுங்கி, இடைச்சவ்வுகள் நீண்டு, ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் குழலாகியிருக்கின்றன. காலிலிருந்து வந்த உறுப்பு இழக்கப்பட்டு, வயிறே மாற்று ஏற்பாடு செய்துகொண்டது என்பதுதான் இதன் பொருள்.

ஆண் தட்டான் இன்னும் வியப்பானது. அதன் இனப்பெருக்கத் துளை மற்றப் பூச்சிகளைப் போலவே ஒன்பதாம் கண்டத்தில்தான் உள்ளது; கலவியுறுப்போ வயிற்றின் முன்பகுதியில், இரண்டாம், மூன்றாம் கண்டங்களின் அடியில் இருக்கிறது. கலவிக்கு முன் ஆண் தன் வயிற்றை வளைத்து விந்தை ஒன்பதிலிருந்து முன்னே கொண்டுவந்து நிரப்பிக்கொள்ளும். ஒரு தட்டானையும் ஓர் ஊசித்தட்டானையும் அருகருகே வைத்து இப்பகுதியை வெட்டினால், ஊசித்தட்டானில் உட்புகும் உறுப்பு இரண்டாம் கண்டத்தின் நாக்கு போன்ற நீட்சியாகவும், தட்டானில் அதே வேலையைச் செய்வது மூன்றாம் கண்டத்தின் பையாகவும் இருப்பதைக் காணலாம். ஒரே வரிசையைச் சேர்ந்த இரு கிளைகளில் ஒரே பணியை வெவ்வேறு பாகங்கள் ஏற்றிருப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வீட்டருகே கிடைக்காது. இவற்றின் பெண்களையும் விட்டுவிடாதீர்கள்: தண்டைக் கீறி முட்டையிடும் ஊசித்தட்டானில் மூன்று இணைகளும் முழுமையாக இருக்க, பறந்தபடியே நீரில் வயிற்றைத் தட்டி முட்டையிடும் சாதாரணத் தட்டான்களில் அவை வெகுவாகக் குறைந்திருக்கும்.

கொசுவில் ஒரு சுழற்சி

கொசுவில் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. வாளித் தண்ணீரில் துள்ளும் கூட்டுப்புழுக்களை வலைத்துணி கட்டிய கோப்பையில் விட்டு, வெளிவரும் ஆண்களில் சிலவற்றை உடனேயும், சிலவற்றைச் சில மணி நேரம் கழித்தும், மீதியை மறுநாளும் ஃப்ரீசரில் வையுங்கள். உணர்கொம்பு தூரிகையாக விரிந்திருப்பது ஆண். வயிற்று நுனிகளைத் தெளியவைத்து வரிசைப்படுத்தினால், முதலில் மேல்நோக்கியிருந்த, பெண்ணைப் பற்றிக்கொள்ளும் உறுப்புத் தொகுதி படிப்படியாகத் திரும்பி, ஏறத்தாழ ஒரு நாளுக்குள் 180 பாகை சுழன்று தலைகீழாகிவிடுவது தெரியும். ஆகவே முதிர்ந்த ஆண் கொசுவை வரையும்போது, கீழே தெரிவது பிறப்பில் மேற்புறம் என்பதைப் படத்தின் ஓரத்தில் குறித்தாக வேண்டும். ஈயில் இதே பகுதி கூட்டுப்புழுவுக்குள்ளேயே 360 பாகை சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றுவிடுவதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் நிகழாததாகவே தோன்றும். விந்து நாளம் குடலைச் சுற்றி வளைந்திருப்பதே சாட்சி.

பெண் கொசுக்களையும் வீணாக்க வேண்டாம். ஆணிடமிருந்து பெற்ற விந்தைச் சேமிக்கும் விந்துப்பை அனாபிலிஸில் ஒன்றே ஒன்று, கியூலெக்ஸிலும் ஏடிஸிலும் மூன்று. கருமையான கெட்டி உருண்டைகளாதலால் காரத்தில் கரையாமல் நிற்கும் இவற்றைத் தேடுவது தொடக்க நிலையில் கைக்கு நல்ல பயிற்சி. சோதனை முடிந்ததும் கோப்பையில் எதுவும் மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொசு வளர்த்துத் தெருவுக்கு விட்டவர் என்ற பெயர் யாருக்கும் வேண்டாம்.

ஆணுறுப்பின் தோற்றமும் அதன் விரைவான மாற்றமும்

பெண்ணின் முட்டையிடு உறுப்பு எட்டாம், ஒன்பதாம் கண்டங்களின் கால்களிலிருந்து வந்தது என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். ஆணுறுப்பில்தான் வழக்கு நீள்கிறது. அமெரிக்க உருவியலாளர் ஸ்னாட்கிராஸ் 1957 இல் வெளியிட்ட ஆய்வில், எல்லா ஆண் பூச்சிகளிலும் ஓரிணைச் சிறு மொட்டுகளிலிருந்தே உறுப்பு வளர்கிறது, அவை பிளந்து வெளி இணை பாராமியர்கள் என்னும் பக்கவாட்டுப் பாகங்களாகவும் உள் இணை சேர்ந்து எடியாகஸ் என்னும் உட்புகும் தண்டாகவும் ஆகின்றன, இவை காலின் வழிவந்தவை அல்ல என்று வாதிட்டார். மறுதரப்பு இவற்றையும் காலின் பகுதிகளாகவே கொள்கிறது. பழ ஈயில் கால் வளர்ச்சியைத் தூண்டும் டிஸ்டல்-லெஸ் மரபணு இனப்பெருக்க உறுப்புகள் உருவாகும் வட்டு போன்ற திசுத் தொகுதியிலும் செயல்படுவதை 1999 இல் வெளியான ஆய்வு காட்டியது மறுதரப்புக்கு வலுச்சேர்த்தது. ஆயினும் ஒரே மரபணு பல இடங்களில் மறுபயன்பாடு பெறுவது இயல்பாதலால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது அவசரம் என்றே கருதுகிறேன்.

இவ்வுறுப்புகள் ஏன் இவ்வளவு விரைவாக வடிவம் மாறுகின்றன என்பதற்கு, பூட்டும் சாவியும் போல ஒவ்வோர் இனத்துக்கும் தனிப் பொருத்தம் என்னும் விளக்கத்தை 1844 இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லியோன் தூஃபூர் முன்வைத்தார். கேட்க அழகானது, ஆனால் பல இனங்களில் பெண்ணின் பகுதி மென்மையாக, எந்தச் சாவிக்கும் இடம் தருவதாகவே உள்ளது. எந்த ஆணின் விந்தைப் பயன்படுத்துவது என்பதைப் பெண்ணின் உடலே கலவிக்குப் பிறகும் தேர்கிறது என்ற கருத்தை அமெரிக்க உயிரியலாளர் வில்லியம் எபர்ஹார்ட் 1985 இல் விரிவாக நிறுவினார். மற்றோர் அமெரிக்க உயிரியலாளர் ஜோனதன் வேஜ் 1979 இல், ஊசித்தட்டானின் ஆணுறுப்பு முந்தைய ஆணின் விந்தைச் சுரண்டி வெளியேற்றுவதைக் காட்டினார். நீங்கள் வெட்டிய ஊசித்தட்டானின் உறுப்பு நுனியில் பின்னோக்கிய முட்களைத் தேடிப் பார்க்கலாம்.

இதில் என் தனிப்பட்ட பரிந்துரை காராமணி வண்டுதான். கல்லோசோபுருக்கஸ் மெக்யுலேட்டஸ் என்னும் இவ்வண்டில் ஆணின் வயிற்றுக் கடைசித் தகட்டைத் தூக்கிக் கொக்கியூசியால் எடியாகஸை இழுத்து, தெளியவைத்து, உள்ளே சுருண்ட பையை நுனியூசியால் வெளித்தள்ளினால், பழுப்பு முட்கள் கொத்துக்கொத்தாக எழும். இம்முட்கள் பெண்ணின் உட்சுவரைக் காயப்படுத்துகின்றன. முள் கடுமையான இனங்களில் பெண்ணின் நாளச்சுவரும் தடித்திருப்பதைப் பயறு வண்டுகளை ஒப்பிட்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே ஆணை மட்டும் வெட்டி நிறுத்தாமல் அதே பயறிலிருந்து பெண்ணையும் வெட்டுங்கள். மூட்டைப்பூச்சி கிடைத்தால், பெண்ணின் அடிவயிற்றில் வலப்பக்கம் உள்ள வெட்டுத்தடத்தையும், ஆணின் நுனியில் ஒற்றையாக வளைந்த கத்தியையும் பாருங்கள். ஆண் இயற்கைத் துளையை விட்டுவிட்டு அத்தடத்தின் வழியே உடலைத் துளைத்தே விந்தைச் செலுத்துகிறது.

வரைதலும் பாதுகாத்தலும்

ஒவ்வோர் உறுப்பையும் மேற்புறம், கீழ்ப்புறம், பக்கம் என மூன்று கோணங்களில் வரைந்து, ஒவ்வொரு பாகத்தின் மீதும் முதலில் கண்டத்தின் எண்ணை எழுதுங்கள். பெயர் பிறகு வரட்டும். ஒரே கண்டத்தின் எண் கொண்ட பாகங்களுக்கு எல்லாப் படங்களிலும் ஒரே நிறம் தீட்டினால், கரப்பானின் முதல் இணையும் குளவியின் ஈட்டியும் ஒன்றே என்பது பக்கத்தைப் புரட்டும்போதே விளங்கும்.

வடசென்னையில் கடற்காற்றின் உப்பும் ஈரமும் சாதாரண ஊசிகளை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால் துருப்பிடிக்காத எஃகு ஊசிகளே நிலைக்கும். பெட்டியில் பாச்சை உருண்டையும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் வையுங்கள். எறும்பு ஏறாதபடி கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்திய மேசை இன்னும் பாதுகாப்பானது. வெட்டிய உறுப்பைக் கிளிசரின் உள்ள சிறு குழலில் இட்டு, அதன் மூடியைப் பூச்சி குத்தப்பட்ட அதே ஊசியில் உடலுக்குக் கீழே செருக வேண்டும். பிடித்த இடம், தேதி, எதன்மேல் இருந்தது ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டு ஊசியிலும், அதே எண் கொண்ட துணுக்குக் குழலுக்குள்ளும், அதே எண் படத்தின் மூலையிலும் இருக்கட்டும். சாந்தோமில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் ஒப்பிட்டுப் பார்க்க நேர்ந்தால், முன்அனுமதி பெற்று, உறுப்பை மட்டும் கொண்டுபோகாமல் அதற்குரிய உடலையும் சேர்த்தே கொண்டுசெல்லுங்கள்.